அம்பைத் திருப்பாமலே திருப்பும் வளைவு

பூமி ஒரு வழுவழுப்பான உருண்டை என்று வைத்துக்கொள்வோம். மலை, கடல் எதுவும் வேண்டாம். வட துருவத்தில் ஒருவர் நிற்கிறார். கையில் ஓர் அம்பு, தரைக்கு இணையாக. அதன் முனை 0 பாகை தீர்க்கரேகை ஓடும் திசையைக் காட்டுகிறது. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: எங்கே நடந்தாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும், அம்பை மட்டும் திருப்பக் கூடாது.

அந்தத் தீர்க்கரேகை வழியாகவே இறங்கி நிலநடுக்கோட்டுக்கு வருகிறார். அம்பு முன்னால், அதாவது தெற்கே பார்க்கிறது. இப்போது கிழக்கே திரும்பி நிலநடுக்கோட்டின் மேலேயே 90 பாகை தூரம் நடக்கிறார். திரும்பியது அவர்தான், அம்பு இல்லை. அது இன்னும் தெற்கையே பார்க்கிறது. அப்புறம் வடக்கே திரும்பி 90 பாகை தீர்க்கரேகை வழியாகத் துருவத்துக்கு ஏறுகிறார். அம்பு அவருடைய முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டே வருகிறது. துருவத்தை அடைந்ததும் பார்த்தால், அது 90 பாகை தீர்க்கரேகையின் திசையைக் காட்டுகிறது. புறப்பட்டபோது காட்டியது 0 பாகையை. வழியில் ஓர் இடத்திலும் அம்பைத் திருப்பவில்லை. ஆனாலும் சரியாக ஒரு செங்கோணம் திரும்பிவிட்டது.

சமதளத்தில் இதே மாதிரி ஒரு முக்கோணம் நடந்தால், எத்தனை தடவை நடந்தாலும், அம்பு புறப்பட்ட திசையிலேயே வந்து நிற்கும். கோளத்தில் அப்படி நடக்காது. இந்த வித்தியாசம்தான் வளைவு. வகையீட்டு வடிவியல் வகுப்பில் இது நான்கு குறியெண்கள் தொங்கும் ரீமான் டென்சராக, அதாவது எண்களின் ஒரு பெரிய அட்டவணையாக, மாணவர் முன் வந்து நிற்கும். பார்த்ததுமே கொஞ்சம் பயம் வரும். ஆனால் அந்தக் குறியெண்களுக்குப் பின்னால் இருப்பது மேலே சொன்ன நடைதான். ஒரு திசையை எடுத்துக்கொண்டு போய், சுற்றிவிட்டு வந்து, அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்ப்பது. அந்த அளவைச் சந்தேகமில்லாமல் வரையறுக்க, நுண்கணிதத்துக்குத் துல்லியமான அடித்தளம் தரும் கணிதப் பிரிவான பகுப்பாய்வு தேவைப்படுகிறது. வரையறுத்துக் கொடுத்த பிறகு, இயற்பியல் அதை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது.

'திருப்பாமல்' என்றால் என்ன?

யோசித்துப் பார்த்தால் மேலே ஒரு கேள்வியை நைசாகத் தாண்டி வந்திருக்கிறோம். வளைந்த பரப்பில் அம்பைத் திருப்பாமல் கொண்டுபோவது என்றால் என்ன? விண்வெளியைப் பொறுத்து அதே திசையில் பிடித்திருப்பது என்று சொல்ல முடியாது. துருவத்தில் தரைக்கு இணையாக இருந்த அம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நிலநடுக்கோட்டுக்கு வந்தால், அது வானத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும். ஒரு புள்ளியில் பரப்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் தட்டையான தளத்துக்குத் தொடுதளம் என்று பெயர். துருவத்தின் தொடுதளம் வேறு, நிலநடுக்கோட்டுப் புள்ளியின் தொடுதளம் வேறு. இரண்டு வெவ்வேறு தளங்களில் கிடக்கும் அம்புகள் 'ஒரே திசை' என்று எதை வைத்துச் சொல்வது?

ஒரே தாவலில் ஒப்பிட முடியாது. அடி அடியாகப் போகலாம். ஒரு சின்ன அடி எடுத்து வையுங்கள். அம்பை விண்வெளியில் திசை மாறாமல் நகர்த்துங்கள். புதிய இடத்தில் அது தொடுதளத்தை விட்டு மயிரிழை விலகியிருக்கும். அந்தத் தளத்தின் மேல் அதன் வீழலை, அதாவது நேர் கீழே விழும் நிழலை, எடுத்து, அதையே புதிய அம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடி, மறுபடியும் வீழல். இப்படியே பாதை முழுக்க.

இங்கே பகுப்பாய்வு படித்தவர் உடனே கையைத் தூக்குவார். ஒவ்வொரு வீழலிலும் அம்பு கொஞ்சம் குட்டையாகுமே, ஆயிரம் அடியில் அது காணாமல் போய்விடாதா? போகாது. ஓர் அடியில் ஏற்படும் நீள இழப்பு அந்த அடியின் நீளத்துக்கு அல்ல, அதன் வர்க்கத்துக்கு விகிதமாக இருக்கிறது. ஒரு பாதையை ஆயிரம் அடிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு அடியிலும் இழப்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில். ஆயிரம் தடவை சேர்த்தாலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அடிகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க மொத்த இழப்பு பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது. எல்லையில், அதாவது அடிகள் முடிவில்லாமல் சிறிதாகும்போது, நீளம் மாறுவதே இல்லை. திரும்பும் கோணமோ மறையாமல் ஒரு திட்டமான மதிப்புக்கு வந்து சேர்கிறது.

அந்த எல்லை உண்மையிலேயே இருக்கிறதா, ஒன்றே ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி. எல்லை நிலையில் இந்தச் செய்முறை ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாடாக மாறுகிறது. அத்தகைய சமன்பாட்டுக்குத் தொடக்க நிலையைக் கொடுத்தால் தீர்வு உண்டு, அது ஒன்றுதான், பாதையின் கடைசி வரைக்கும் அது நீளும். பிக்கார்டு, லிண்டலாஃப் பெயரில் இளங்கலையில் நிரூபிக்கப்படும் தேற்றம் இதுதான். 'இதெல்லாம் எதற்கு' என்று அன்று சலித்துக்கொண்டே படித்த அந்த நிரூபணம் இல்லாவிட்டால், அம்பைச் சுமந்துபோகும் இந்தக் கருத்துக்கே காலூன்ற இடமில்லை. இந்தச் சுமத்தலுக்கு இணைப் பெயர்ச்சி என்று பெயர். இத்தாலியக் கணிதவியலாளர் துல்லியோ லெவி-சிவிட்டா 1917இல் இதைத் தெளிவாக வரையறுத்தார். வியப்பு என்னவென்றால், இணைப் பெயர்ச்சி மிகவும் பயன்படும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது. கோட்பாடு முதலில், அதை மனக்கண்ணில் பார்க்கும் வழி பிறகு.

கோளத்தின் பெருவட்டங்களில், அதாவது நிலநடுக்கோடு, தீர்க்கரேகை போல அதை இரு சமபாதியாக வெட்டும் வட்டங்களில், நடக்கும்போது விதி இன்னும் எளிது. அம்புக்கும் பாதைக்கும் நடுவே உள்ள கோணம் மாறாமல் இருந்தால் போதும். முதல் பத்திகளில் நம் ஆள் செய்தது அதைத்தான்.

ஒரு புள்ளிக்கு ஓர் எண்

துருவப் பயணம் அடைத்த பரப்பு கோளத்தில் எட்டில் ஒரு பங்கு. பாதியளவு பரப்பை அடைக்கும் முக்கோணத்தில் நடந்தால் அம்பு பாதியளவே, 45 பாகை திரும்பும். அதாவது திருப்பம் பரப்புக்கு விகிதமாக இருக்கிறது. அப்படியானால் திருப்பத்தை (ரேடியனில்) பரப்பால் வகுத்து, சுற்றுப்பாதையை ஒரு புள்ளியை நோக்கிச் சுருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எல்லைதான் அந்தப் புள்ளியின் வளைவு. வகைக்கெழுவின் வரையறையைப் போலவே இருக்கிறதா? அதே உத்திதான். கோளத்துக்கு இது ஆரத்தின் வர்க்கத்தின் தலைகீழ்: உருண்டை பெரிதாகப் பெரிதாக வளைவு குறைகிறது. குதிரைச் சேணம் போன்ற பரப்பில் நாம் சுற்றும் திசைக்கு எதிராக அம்பு திரும்பும். அங்கே வளைவு எதிர்மம்.

காகிதத்தைக் குழலாகச் சுருட்டினால்? பார்வைக்கு நன்றாகவே வளைந்திருக்கிறது. ஆனால் அதன் மேல் ஒரு சிறிய சுற்று நடந்து வந்தால் அம்பு திரும்பாது, ஏனென்றால் காகிதத்தைப் பிரித்து விரித்தாலும் அதன்மேல் உள்ள நீளமோ கோணமோ எதுவும் மாறுவதில்லை. உருளையின் வளைவு பூஜ்ஜியம். புதிதாகப் படிப்பவருக்கு மிகவும் இடறும் இடம் இது. கண்ணுக்குத் தெரியும் வளைவு வேறு, பரப்புக்குள்ளேயே இருந்துகொண்டு அளக்கக்கூடிய வளைவு வேறு. இரண்டாவதைத்தான் வடிவியல் மதிக்கிறது.

இதை முதலில் கண்டவர் ஜெர்மன் கணிதவியலாளர் கார்ல் ஃபிரெடிரிக் காஸ், 1827இல். பரப்பை விட்டு வெளியே எட்டிப் பார்க்காமல், அதன்மேல் உள்ள தூரங்களை மட்டும் அளந்தே வளைவைக் கணக்கிட்டுவிடலாம் என்று நிரூபித்தார். தன் தேற்றங்களைப் பற்றி அடக்கமாகவே எழுதும் மனிதர், இதை மட்டும் லத்தீனில் 'குறிப்பிடத்தக்க தேற்றம்' என்று அழைத்தார். உலக வரைபடம் ஏன் எப்போதும் எதையாவது சிதைத்தே ஆகவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். கோளத்தின் வளைவு பூஜ்ஜியம் இல்லை, காகிதத்தின் வளைவு பூஜ்ஜியம்; தூரங்களை எல்லாம் காப்பாற்றும் வரைபடம் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

காஸ் வெறும் ஏட்டுக் கணக்கு போட்டவர் இல்லை. அதே காலத்தில் ஹனோவர் நாட்டின் நில அளவையை நடத்திக்கொண்டிருந்தார். ப்ரோக்கன், ஹோஹென்ஹாகன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலையுச்சிகளை இணைத்த அவருடைய பெரிய முக்கோணத்தின் பக்கங்கள் சுமார் 69, 85, 107 கிலோமீட்டர். கோளத்தில் ஒரு முக்கோணத்தின் கோணங்களின் கூட்டல் 180 பாகையைத் தாண்டும். எவ்வளவு தாண்டுகிறதோ அதே அளவுதான் அந்த முக்கோணத்தைச் சுற்றி வரும் அம்பும் திரும்பும். ஏறக்குறைய 2,900 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்த முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டால் 15 விகலையை ஒட்டி வரும். ஒரு பாகையில் 3,600 விகலை என்பதை நினைத்தால், வளைவு எவ்வளவு நுணுக்கமாகத் தன்னைக் காட்டுகிறது என்று புரியும். இந்த முக்கோணத்தை வைத்து விண்வெளியே வளைந்திருக்கிறதா என்று காஸ் சோதித்தார் என்றொரு கதையும் உலவுகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஒப்புக்கொள்வதில்லை.

பாந்தியோன் கூரையில் தொங்கிய ஊசல்

1851இல் லியோன் ஃபூக்கோ, பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். நேரம் போகப் போக ஊசல் ஆடும் தளம் தரையைப் பொறுத்து மெல்லத் திரும்பியது. பூமி சுழல்வதன் சாட்சி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஒரு முழுச் சுழற்சிக்கு அது 360 பாகை திரும்பவில்லை. சுமார் 271 பாகைதான். பூமி சுழல்வதுதான் காரணம் என்றால் மீதி 89 பாகை எங்கே போயிற்று?

இங்கேயும் நம் அம்புதான். ஊசலைத் திருப்ப எந்த விசையும் இல்லை. பூமி அதை 49ஆம் பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ள வட்டத்தில் சுமந்து ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஊசலின் தளம் இணைப் பெயர்ச்சி அடைகிறது. அட்சரேகை வட்டம் பெருவட்டம் இல்லையாதலால் முன்பு சொன்ன எளிய விதி செல்லாது. ஆனால் அழகான ஒரு குறுக்குவழி இருக்கிறது. அந்த வட்டத்தில் பூமியைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கூம்பை வையுங்கள், தொப்பி மாதிரி. வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கூம்புக்கும் கோளத்துக்கும் ஒரே தொடுதளம். ஆகவே கோளத்தில் அம்பைச் சுமப்பதும் கூம்பில் சுமப்பதும் ஒன்றே. கூம்பை வெட்டி விரித்தால் அது வட்டத்தின் ஒரு கோணத்துண்டாகப் படுத்துவிடும். அதன் கோணம் 360 பாகையை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கியது. பாரிஸுக்கு அந்த சைன் 0.753, பெருக்கினால் 271. தட்டையான துண்டில் அம்பு திசை மாறுவதே இல்லை. மாறுவது தரையில் நிற்பவரின் 'வடக்கு'தான், அது 271 பாகை சுழல்கிறது. துண்டின் இரண்டு ஓரங்களையும் மறுபடி ஒட்டும்போது விடுபட்ட 89 பாகை வெளிப்படுகிறது. அந்த அட்சரேகைக்கு மேலே உள்ள பூமித் தொப்பியின் மொத்த வளைவும் அதே 89 பாகைதான். துருவத்தில் ஊசல் முழுதாக 360 திரும்பும். நிலநடுக்கோட்டில் கூம்பு உருளையாகிவிடும், ஊசல் திரும்பவே திரும்பாது.

கூம்பைப் பற்றி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். உச்சியைத் தவிர எல்லா இடத்திலும் அதன் வளைவு பூஜ்ஜியம். ஆனாலும் உச்சியைச் சுற்றி வந்தால் அம்பு திரும்பிவிடுகிறது.

பரிமாணம் கூடினால்

1854 ஜூன் 10 அன்று, 27 வயது பெர்ன்ஹார்ட் ரீமான் கோட்டிங்கனில் ஓர் உரை நிகழ்த்தினார். வெளியே எந்தப் பெரிய வெளியிலும் பொதியாத, எத்தனை பரிமாணம் வேண்டுமானாலும் கொண்ட ஒரு வெளி. அதில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லும் ஒரு விதி. இவ்வளவு இருந்தால் வடிவியல் செய்யலாம் என்றார். அந்த வெளியை மேனிஃபோல்டு என்றும் அந்தத் தூர விதியை மெட்ரிக் என்றும் இன்று முதுகலையில் படிப்பதெல்லாம் இந்த உரையின் வாரிசுகள்.

பரப்பில் ஒரு புள்ளிக்கு ஓர் எண் போதும். மூன்று பரிமாணத்தில் வளைவுக்கு 6 எண்கள், நான்கில் 20. எந்தத் தளத்தில் சுற்று நடக்கிறீர்கள், எந்த அம்பைக் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுவதால்தான் எண்கள் கூடுகின்றன. டென்சரின் நான்கு குறியெண்களும் இதற்குத்தான்: இரண்டு, சுற்று நடக்கும் தளத்தைச் சொல்ல, ஒன்று, கொண்டுபோன அம்பைச் சொல்ல, ஒன்று, அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல.

பகுப்பாய்வில் இதற்கு நேரான இணை ஒன்று உண்டு. பலமாறி நுண்கணிதத்தில் ஒரு நல்ல சார்பை முதலில் ஒரு மாறியாலும் அடுத்து இன்னொன்றாலும் வகையிட்டாலும், வரிசையை மாற்றினாலும், விடை ஒன்றே என்று படிக்கிறோம். வளைந்த வெளியில் அம்புகளை வகையிடும்போது இது பொய்த்துவிடுகிறது. கிழக்கே போய் அப்புறம் வடக்கே போவதும், வடக்கே போய் அப்புறம் கிழக்கே போவதும் அம்புக்கு ஒன்றில்லை. அந்த இரண்டு விடைகளின் கழித்தல்தான் ரீமான் டென்சர். எண்ணி முடித்தால் இவ்வளவுதான் விஷயம்.

விழுவது என்பது நேராகப் போவது

ஐன்ஸ்டைனுக்கு இந்தக் கணிதம் தெரியாது. 1912இல் சூரிச்சில் நண்பர் மார்செல் கிராஸ்மன்தான் ரீமான், ரிச்சி, லெவி-சிவிட்டா ஆகியோரின் வேலையைக் காட்டினார். மூன்று வருடப் போராட்டத்துக்குப் பிறகு, 1915 நவம்பர் 25 அன்று புலச் சமன்பாடுகள் இறுதி வடிவம் பெற்றன. நான்கு பரிமாணக் காலவெளியின் 20 வளைவு எண்களில் 10ஐ அந்த இடத்தில் உள்ள பொருளும் ஆற்றலும் நிர்ணயிக்கின்றன. மீதி 10 பொருளே இல்லாத வெற்றிடத்திலும் இருக்கலாம். சூரியனுக்கு வெளியே பூமியை இழுக்கும் ஈர்ப்பு அந்த வகை. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த ஈர்ப்பலையும் அந்த வகை.

தடையில்லாமல் விழும் பொருள் காலவெளியில் முடிந்தவரை நேராகப் போகிறது. அந்தப் பாதைக்கு ஜியோடெசிக் என்று பெயர். அதன் திசையம்பு அதன் வழியாகவே இணைப் பெயர்ச்சி அடையும். அப்படியானால் ஈர்ப்பு என்பதே இல்லையா? ஒரு பொருளை மட்டும் பார்த்தால் இல்லை என்றே சொல்லலாம். பக்கத்தில் இன்னொன்றும் விழுந்தால்தான் தெரியும். இரண்டும் பூமியின் மையத்தை நோக்கி விழும்போது மெல்ல நெருங்குகின்றன. துருவத்தை நோக்கி ஏறும் இரண்டு தீர்க்கரேகைகளும் நிலநடுக்கோட்டில் இணையாகப் புறப்பட்டு அப்படியே நெருங்கவில்லையா? வளைவின் வேலை அது.

இந்த நெருக்கத்தைக் கணக்காக்கியவர் கொல்கத்தாவில் பணியாற்றிய அமல் குமார் ராய்சௌத்ரி. 1955இல் வெளியான அவருடைய சமன்பாடு, ஒரு கொத்து ஜியோடெசிக்குகள் எவ்வளவு வேகமாக விரிகின்றன என்பதைப் பின்தொடர்கிறது. ஈர்ப்பு இழுக்கும் தன்மையுடையதாக இருந்து, கொத்துக்குள் சுழற்சி இல்லாவிட்டால், விரிவு வேகம் குறைந்துகொண்டே போகும். அந்தக் குறைவின் வீதம், விரிவு வேகத்தின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்காவது இருக்கும். இதைத் தீர்க்க முதலாண்டு நுண்கணிதம் போதும். கொத்து ஒருமுறை சுருங்கத் தொடங்கிவிட்டால், முடிவுள்ள நேரத்துக்குள் சுருங்கும் வேகம் முடிவிலியை எட்டிவிடும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். 1965இல் ரோஜர் பென்ரோஸ் ஒளிக்கதிர்களுக்கு இதே குவிதலை எடுத்து, இழுத்து நெளித்தாலும் மாறாத பண்புகளைப் படிக்கும் இடவியலோடு சேர்த்து, சரிந்து விழும் விண்மீனுக்குள் காலவெளி எங்கோ அறுந்துதான் ஆக வேண்டும் என்று நிரூபித்தார். 2020இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. வடிவியல், பகுப்பாய்வு, இயற்பியல் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்ததற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

அம்பையே விண்ணுக்கு அனுப்பியும் பார்த்தார்கள். 2004இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோள், 642 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களின் மேலாகச் சுற்றியது. உள்ளே நான்கு கைரோஸ்கோப்புகள். ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமாகச் செதுக்கிய, நாலு சென்டிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள உருண்டை. சுழலும் உருண்டையின் அச்சுதான் அம்பு. பூமியின் காலவெளி வளைவால் அந்த அச்சு ஆண்டுக்கு 6.606 விகலை சாயும் என்றது கோட்பாடு. 2011இல் வெளியான முடிவு 6.602, பிழையின் அளவு 0.018. திருப்பக் கூடாது என்று காவல் காத்தும் அம்பு திரும்பியது.

தரையில் கிடக்காத அம்புகள்

இதுவரை அம்பு என்றால் இடத்தில் ஒரு திசை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஏதோ ஓர் உள் அமைப்பு இருந்து, அதை அடுத்த புள்ளிக்குச் சுமந்துபோக ஒரு முறையும் இருந்தால், வளைவும் உண்டு. 1956இல் பெங்களூரில் எஸ். பஞ்சரத்தினம் இதை ஒளியில் கண்டார். ஒளியின் தளவிளைவு நிலைகளை, அதாவது ஒளியலை அதிரும் விதங்களை, எல்லாம் ஒரு கோளத்தின் புள்ளிகளாகக் குறிக்கலாம். ஒரு கற்றையை மூன்று நிலைகள் வழியாகச் செலுத்தி மறுபடி முதல் நிலைக்கே கொண்டுவந்தால், அதன் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது, கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். தள்ளிப்போன அளவு, அந்தக் கோளத்தில் மூன்று புள்ளிகளும் அடைக்கும் முக்கோணம் மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தில் சரிபாதி. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். 1984இல் மைக்கேல் பெர்ரி இதே கருத்தைக் குவாண்டம் இயக்கவியலில் பொதுமைப்படுத்திய பிறகுதான் உலகம் பஞ்சரத்தினத்தின் கட்டுரையைத் திரும்பிப் பார்த்தது.

எலக்ட்ரானின் அலைக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைச் சுமந்துபோகும் விதிதான் மின்காந்தவியல் பாடத்தில் வரும் வெக்டர் பொட்டென்ஷியல்; சுமந்து சுற்றியதில் ஏற்படும் திருப்பத்தின் அளவு, அதாவது வளைவு, காந்தப்புலம். இப்போது கூம்புக்கு வருவோம். 1959இல் இயற்பியலாளர்கள் அகரனோவும் போமும் சொன்னார்கள்: காந்தப்புலத்தை ஒரு மெல்லிய சுருளுக்குள் முழுதாக அடைத்துவிட்டு, எலக்ட்ரானை வெளியே சுற்றிப் போகவிட்டாலும் அதன் கட்டம் மாறும். எலக்ட்ரான் போன வழியெல்லாம் புலம் பூஜ்ஜியம். எப்படி மாறியது என்று பல இயற்பியலாளர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். கூம்பை அறிந்தவருக்கு வியப்பே இல்லை. சுருள்தான் கூம்பின் உச்சி. 1986இல் ஜப்பானில் அகிரா டோனோமுராவின் குழு, புலம் வெளியே கசியாதபடி மீக்கடத்தியால் மூடிய காந்த வளையத்தைக் கொண்டு இதை உறுதிசெய்தது.

கட்டத்துக்குப் பதிலாக இன்னும் சிக்கலான உள் அமைப்பை வைத்து, வரிசை மாறினால் விடையும் மாறும் சுழற்றல்களால் அதைச் சுமந்தால் யாங்-மில்ஸ் கோட்பாடு வருகிறது. 1954இல் எழுதப்பட்டது. இன்று அணுக்கருவின் வலிய, மெலிய விசைகள் இரண்டும் அந்த மொழியில்தான் பேசப்படுகின்றன.

இதற்கு எதிர்த்திசையில், பகுப்பாய்வே வளைவைத் தேடிப் போகும் பாதையும் இருக்கிறது. வளைந்த ஒரு பரப்பில் ஒரு புள்ளியைச் சூடாக்கி விடுங்கள். வெப்பம் பரவும். மிகக் குறுகிய நேரத்துக்குப் பிறகு அதே புள்ளியில் எவ்வளவு வெப்பம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், சமதளத்தில் இருக்க வேண்டியதைவிட ஒரு சிறு பங்கு கூடுதல் அல்லது குறைவு. அந்தப் பங்கு வளைவுக்கு விகிதம். வளைவு நேர்மமாக இருந்தால் வெப்பம் தப்பிச் செல்ல இடம் குறைவு, அதனால் கூடுதலாகத் தங்கும். இந்த வகைக் கணக்குகளுக்கு அடித்தளமிட்டது எஸ். மீனாட்சிசுந்தரமும் ஸ்வீடனின் ஆகே ப்ளையெலும் 1949இல் எழுதிய கட்டுரை. பின்னாளில் மெட்ரிக்கையே வெப்பம் போலப் பரவவிடும் சமன்பாட்டை ரிச்சர்ட் ஹாமில்டன் 1982இல் கொண்டுவந்தார். 2002-03இல் கிரிகோரி பெரெல்மான் அதைக் கொண்டுதான் இடவியலின் புகழ்பெற்ற புதிரான பாயின்கரே ஊகத்தை நிரூபித்தார்.

படிக்கப் போகிறவருக்கு

நேரியல் இயற்கணிதம், பலமாறி நுண்கணிதம் இரண்டும் கை நடுங்காமல் வர வேண்டும். வகைக்கெழுச் சமன்பாடுகளின் இருப்புத் தேற்றம், கொஞ்சம் இடவியல். அவ்வளவு இருந்தால் தொடங்கலாம். என் கருத்தில், மேனிஃபோல்டுகளுக்கு நேராகப் பாய்வதைவிட, ஒரு பருவம் முழுக்க மூன்று பரிமாணத்தில் உள்ள பரப்புகளோடு மல்லுக்கட்டுவது நல்லது. கண்ணால் பார்க்க முடிவதை விட்டுவிட்டு வரையறைகளில் தொடங்கினால், முதுகலை முடித்த பிறகும் வளைவு என்பது குறியெண்களின் கூட்டமாகவே தங்கிவிடும். இயற்பியல் மாணவருக்கு நேர்மாறான சிக்கல். குறியெண்களைச் சரசரவென்று ஏற்றி இறக்கத் தெரியும். தான் கணக்கிடும் எல்லை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் இருக்காது. அவர் ஒரு பகுப்பாய்வு வகுப்பில் போய் உட்கார வேண்டும்.

கையால் கணக்குப் போடுவதைத் தவிர்க்கவே முடியாது. கோளத்தில் தொடங்குங்கள், இணைப் பெயர்ச்சிச் சமன்பாட்டின் கெழுக்களான கிறிஸ்டோஃபெல் குறியீடுகள் எட்டில் மூன்றுதான் பூஜ்ஜியமற்றவை, அதிலும் இரண்டு ஒன்றுக்கொன்று சமம். அட்சரேகை வட்டத்தில் இணைப் பெயர்ச்சிச் சமன்பாட்டை எழுதித் தீர்த்தால் ஃபூக்கோவின் சைன் தானாக வந்து விழும்.

அடுத்து, வெளியே இருந்து பார்க்கவே முடியாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் பாதி மட்டும். அதில் ஒவ்வொரு சிறு நீளத்தையும் அந்த இடத்தின் உயரத்தால் வகுத்ததுதான் தூரம் என்று விதி செய்யுங்கள். கீழ் விளிம்பை நெருங்க நெருங்கத் தூரங்கள் பெருகிக்கொண்டே போகும், விளிம்பை எட்டவே முடியாது. கணக்கிட்டால் எல்லாப் புள்ளியிலும் வளைவு மைனஸ் 1 என்று வரும். இதை முழுதாக நம் மூன்று பரிமாண வெளியில் வழுவழுப்பான பரப்பாக வைக்க முடியாது என்று 1901இல் ஹில்பெர்ட் நிரூபித்திருக்கிறார், அதனால் மாதிரி செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம். இங்கே நேர்கோடுகள், விளிம்பில் மையம் கொண்ட அரைவட்டங்களும் விளிம்புக்குச் செங்குத்தான கோடுகளும். ஒரு முக்கோணத்தின் பரப்பு, அதன் கோணங்களின் கூட்டல் 180 பாகைக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு (ரேடியனில்). விளிம்பில் ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் செங்குத்தாக மேலே இரண்டு கோடுகள் எழுப்புங்கள். மூன்று கோணங்களும் பூஜ்ஜியம், மூன்று பக்கங்களும் முடிவிலி நீளம். உள்ளே அடைபடும் பரப்பைத் தொகையிட்டுப் பாருங்கள்: சரியாகப் பை.